மனையைப் பார்க்குமுன் தெருவைப் பாருங்கள்

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் அவசியம் ஒரு முறை குழந்தை குட்டிகளுடன் போய் வாருங்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் மேற்கே திரும்பிச் சுமார் 28 கிலோமீட்டர் போனால் செஞ்சி. யாரோ ஒரு பூதம் பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல மூன்று மலைகள் நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று பெயர். மூன்றையும் சேர்த்து வளைத்துக்கொண்டு ஓடுகிறது மதில். அதன் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்! கனம் சில இடங்களில் 60 அடி. அதற்கு வெளியே 80 அடி அகலத்துக்கு ஓர் அகழி.

இத்தனை பெரிய மதிலுக்குப் பிரதான வாசல்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. வடக்கே வேலூர் வாசல், கிழக்கே புதுச்சேரி வாசல். அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்துவிட்டாலும் காரியம் முடிந்துவிடாது. ராஜகிரியின் மேலே ஏற வேண்டுமானால் ஒரு வாசலைத் தாண்டி இன்னொரு வாசல், ஒரு மதிலைத் தாண்டி இன்னொரு மதில் என்று வந்துகொண்டே இருக்கும். 800 அடி உயரத்தில் உள்ள உச்சியை நெருங்கும்போது 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கிடும். அந்தக் காலத்தில் அதன்மேல் ஒரு தூக்குப் பாலம். வேண்டாதவன் வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள்.

வருகிறவன் சுற்ற வேண்டும், திகைக்க வேண்டும், கால் கடுக்க வேண்டும், கடைசியில் "போதுமடா சாமி!" என்று திரும்பிப் போக வேண்டும். கோட்டையைக் கட்டியவர்களின் எண்ணம் அதுதான். அந்த எண்ணம் பலித்தது என்றே சொல்ல வேண்டும். 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயப் படை, கோட்டைக்குள் இருந்த மராட்டியரை வெளியேற்றி உள்ளே காலை வைக்க 1698 வரை காத்திருக்க நேர்ந்தது.

கோட்டைக்கு இது பெருமைதான். ஆனால் நீங்களும் நானும் குடியிருக்கும் நகரை இப்படி அமைத்தால் எப்படி இருக்கும்? நுழைய ஒரே ஒரு வழி, உள்ளே போனால் மதில், பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரையே சுற்றுவது என்றால்?

"அப்படி யாராவது ஊரை அமைப்பார்களா?" என்று கேட்கிறீர்களா? அமைத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அம்மா! ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம். அதுவும் நம் சொந்தப் பணத்தில், தாலிச் சங்கிலியை அடகு வைத்து.

வளரப் போகும் ஊர்

செஞ்சி ஒரு காலத்தில் மகா பட்டணமாக இருந்தது. 1597-ல் அங்கே வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் எல்லாம் பெரியது இதுவே என்றும், போர்ச்சுகலில்கூட லிஸ்பனை விட்டால் இதற்கு ஈடாக வேறு ஊர் இல்லை என்றும் எழுதி வைத்தார். பிறகு யுத்தத்தின் மேல் யுத்தம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பட்டணம் சிதறிப் போயிற்று. மலைகளும் மதிலும் கல்யாண மகாலும் குளங்களும் நின்றன.

இன்றைய செஞ்சி கோட்டைக்கு வெளியே, கிழக்கே இருக்கிறது. பேரூராட்சி. 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 27 ஆயிரம். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, சேத்துப்பட்டு என்று நாலா பக்கமும் போகும் சாலைகள் இங்கே கூடுகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நாடறிந்தது. பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்கும், அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்கும் போகிற கூட்டம் இந்தச் சாலைகளில்தான் போக வேண்டும்.

இத்தனைக்கும் மேலே, 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. இனி வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். ஓட்டல் வரும், விடுதி வரும், கடை வரும். கடைக்குப் பின்னால் வீடு வரும்.

வீடு எந்தப் பக்கம் வரும்? கோட்டைப் பக்கம் வர முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஊர் வளர்வது சாலைகளைப் பிடித்துக்கொண்டுதான். நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தில் வர்ணக் கொடிகள் பறக்கும், கல் நடுவார்கள், "மனைகள் விற்பனைக்கு" என்று பலகை எழும். செஞ்சி என்றில்லை; தமிழ்நாட்டில் எந்தச் சிறு ஊரை விட்டு வெளியே வந்தாலும் இன்று கண்ணில் படுகிற காட்சி இதுதான்.

சீப்பின் பற்கள்

இந்த மனைப் பிரிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள்.

பெரிய சாலையை ஒட்டி ஒரு குடியானவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். சாலைப் பக்கம் முகம் குறுகல், உள்ளே நீளம். பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ அதை விற்கிறார். வாங்குகிறவர் சாலையிலிருந்து நடுவே ஒரு தெருப் போடுகிறார். இரண்டு பக்கமும் மனை பிரிக்கிறார். அடுத்தவர் வரப்பு வந்ததும் தெரு நின்றுவிடுகிறது. அங்கே ஒரு சுவரும் எழுப்பி, மகள் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ சூட்டி, பின்னால் 'நகர்' என்று சேர்த்துவிடுகிறார்.

ஐந்து வருஷம் கழித்துப் பக்கத்து நிலமும் விலைக்கு வருகிறது. வேறு ஒருவர் வாங்குகிறார். அவரும் பெரிய சாலையிலிருந்து தமக்கென்று ஒரு தெருப் போடுகிறார். அவருக்கும் ஒரு சுவர். இப்படியே ஐந்து நகர், பத்து நகர்.

இப்போது மேலே பறக்கும் ஒரு பருந்தின் கண்ணால் இதைப் பாருங்கள். உங்கள் தலை வாரும் சீப்பு தெரியவில்லையா? பெரிய சாலைதான் சீப்பின் தண்டு. நகர்கள் எல்லாம் பற்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போக வேண்டுமானால் தண்டுக்குத்தான் வந்து திரும்ப வேண்டும். குறுக்கே வழி கிடையாது.

தனித் தனியாகப் பார்த்தால் யாரும் தப்புச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் நிலத்துக்குள் ஒழுங்காகத்தான் தெருப் போட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "இந்தத் தெருவை அந்தத் தெருவோடு சேர்த்துவிடுங்கள்" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லாமல் போயிற்று.

சுவர் மேல் உறைமோர்

இந்தச் சீப்புக்குக் கொடுக்கும் விலை என்ன? அதைப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஒரு நகரில் கடைசி வீடு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நகரில் உங்கள் கொல்லைக்கு நேர் எதிரே இன்னொரு வீடு. இடையே சுவர்.

"அக்கா, உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கிறதா?"

"இருக்கிறதே! சுவர் மேல் வைக்கிறேன், எடுத்துக்கொள்."

உறைமோருக்குச் சுவர் தடையில்லை. ஆனால் நவராத்திரி வருகிறது. அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போக வேண்டும். பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு சுவர் ஏறிக் குதிக்க முடியுமா? தெருக்கோடி வரை நடந்து, பெரிய சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி, அடுத்த நகரில் நுழைந்து, அந்தத் தெருக்கோடி வரை நடக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருப்பவள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டாள்!

கொலு வருஷத்துக்கு ஒரு முறைதான். பள்ளிக்கூடம் தினம் உண்டே! சுவர் இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு 300 மீட்டர். சுற்றிப் போனால் 1,500 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 1,200 மீட்டர் வீண் நடை. காலையில் குழந்தையைக் கொண்டு விட்டு வரப் போக ஒன்று, வர ஒன்று. மாலையில் அழைத்து வர மறுபடி இரண்டு. ஆக நாலு தடவை. ஒரு நாளைக்கு 4,800 மீட்டர். வருஷத்தில் 200 நாள் பள்ளி என்றால் 960 கிலோமீட்டர்!

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கே சுமார் 700 கிலோமீட்டர்தான். ஒரு சுவருக்காக வருஷா வருஷம் ஒரு தாய் குமரிமுனை வரை நடந்து, பாதி வழிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியும் வந்துவிடுகிறாள். பாத யாத்திரை போன புண்ணியமாவது உண்டா? அதுவும் இல்லை.

கொஞ்ச நாளில் அவள் என்ன சொல்வாள்? "ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுங்கள், என்னால் முடியவில்லை" என்பாள். நியாயந்தானே? எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். எல்லா ஸ்கூட்டர்களும் அந்த ஒரே பெரிய சாலைக்குத்தான் வர வேண்டும். கறிவேப்பிலை வாங்கப் போகிறவளும், கோயிலுக்குப் போகிற பாட்டியும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், திருவண்ணாமலை பஸ்ஸும், நெல் லாரியும் ஒன்றாக நெருக்கிக்கொள்வார்கள். "சாலை போதவில்லை, அகலப்படுத்துங்கள்" என்று கூக்குரல் எழும். அகலப்படுத்தினால் வண்டிகள் இன்னும் வேகமாகப் போகும். குறுக்கே கடப்பது இன்னும் ஆபத்தாகும்.

இன்னும் இருக்கிறது. பஸ் சீப்பின் பல்லுக்குள் நுழையாது. நுழைந்தால் திரும்ப இடமில்லை. குப்பை வண்டி உள்ளே போய்ப் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டும். தெரு வாயில் ஒரு கல்யாணப் பந்தல் போட்டாலோ, குழாய் பதிக்கக் குழி தோண்டினாலோ நகர் முழுவதும் சிறைப்பட்டுப் போகும். நள்ளிரவில் ஒரு பிரசவ வலி, ஒரு மாரடைப்பு என்றால் 108 வண்டி வந்து நிற்பதும் அதே வாயில்தான். மாற்று வழி உள்ள தெருவில் இந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

முச்சந்தி, நாற்சந்தி, முட்டுச்சந்து

நம் தமிழ் இருக்கிறதே, இந்த விஷயத்தில் மிகவும் கெட்டிக்காரத் தமிழ். மூன்று வழி கூடினால் முச்சந்தி; நான்கு வழி கூடினால் நாற்சந்தி; போன வழியே திரும்ப வேண்டுமானால் முட்டுச்சந்து. இவற்றை எண்ணிப் பார்த்தாலே ஓர் ஊரின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், மேல்நாட்டு நிபுணர்கள் இன்று கணிப்பொறியை வைத்துக்கொண்டு செய்வதும் இதைத்தான். கனடாவிலுள்ள மெக்கில் சர்வகலாசாலையின் பாரிங்டன்-லீ என்பவரும், கலிபோர்னியா சர்வகலாசாலையின் மில்லார்ட்-பால் என்பவரும் உலகம் முழுவதிலும் உள்ள தெருக்களின் படத்தை எடுத்து, எங்கே நாற்சந்திகள் அதிகம், எங்கே முட்டுச்சந்துகள் அதிகம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கிடையே எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆராய்ச்சி சொன்னது இது: 1975-க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிதாகப் போட்ட தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் துண்டு துண்டாகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஜப்பானிலும் தென் அமெரிக்காவின் பல நாடுகளிலும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் இந்த வியாதி 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணிய ஆரம்பித்தது.

அவர்கள் வற்புறுத்திச் சொல்லும் விஷயம் இன்னொன்று: ஒரு முறை போட்ட தெரு எளிதில் மாறாது.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1666-ல் லண்டன் நகரம் பற்றி எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. சாம்பல் ஆறுவதற்குள் கிறிஸ்டோபர் ரென் என்ற மேதை, அகலமான நேர்த் தெருக்களுடன் புது லண்டனுக்கு ஒரு வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். என்ன ஆயிற்று? வீடு போனாலும் மனைக்குச் சொந்தக்காரன் இருக்கிறானே! அவனவன் தன் மனையை விடவில்லை. பழைய தெருக் கோடுகளின் மேலேயே பெரும்பாலும் புது ஊர் எழுந்தது. நெருப்பால்கூட அழிக்க முடியாதது தெரு. வீடு பிடிக்காவிட்டால் இடித்துக் கட்டலாம். சமையலறையை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றலாம். தெருவை மாற்ற முடியுமா? பேரன் பேத்தி காலத்திலும் அதே முட்டுச்சந்துதான்.

தேர் பின்னால் போகாது

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதி, அதற்கு வெளியே தேரோடும் வீதி என்று ஊரை அமைத்தார்கள். மதுரையைப் பாருங்கள்: சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று தாமரை இதழ்கள் போல ஒன்றுக்கு வெளியே ஒன்று. நாலு பக்கமும் சுற்றி வந்து சேரும். நடுநடுவே குறுக்குத் தெருக்கள் இணைக்கும். காரணம் பக்தி மட்டுமல்ல. தேருக்குப் பின்னால் போகத் தெரியாது! முட்டுச்சந்தில் நுழைந்த தேர் நிலைக்கு வந்து சேராது. தேர் சுற்றி வரும்படி வீதி அமைத்தார்கள். அதில் ஜனங்களும் சுகமாகச் சுற்றி வந்தார்கள்.

புதிய காலத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி. 1693 முதல் 1699 வரை அதைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள், கோடு கிழித்தாற்போல் நேர்த் தெருக்களாக ஊரைத் திட்டமிட்டார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூணை அவர்கள் நம்மிடம் எடுத்துக்கொண்டார்கள். தெருப் போடும் வித்தையை நாம் அவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம்!

சென்னையில் தியாகராய நகர் இன்னொரு உதாரணம். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நீளமான ஒரு பழைய ஏரியின் படுகையில் 1923 முதல் இந்த நகரை உருவாக்கினார்கள். நடுவே பனகல் பூங்கா. அங்கிருந்து பிரியும் சாலைகள். அவற்றைக் கோக்கும் தெருக்கள். தீபாவளிச் சமயத்தில் அங்கே மூச்சு முட்டுகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு தெரு அடைபட்டால் இன்னொரு தெருவில் புகுந்து வெளியே வந்துவிட முடிகிறதல்லவா?

அதே சென்னையில் தெற்கே போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் அக்கா தங்கைகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். வண்டிகள் கடக்கும் பாலங்களோ மிகச் சில. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேரச் சுற்ற வேண்டும். வீடுகளைக் கட்டிய பிறகு இணைப்பைத் தேடினால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதை விட வேறு பாடம் வேண்டாம்.

"அமைதியாக இருக்கிறதே!"

இங்கே ஒரு வாசகி குறுக்கிடுவது காதில் விழுகிறது. "முட்டுத் தெரு என்றால் என்ன? கண்ட வண்டியும் வராது. குழந்தைகள் பயமில்லாமல் பந்து விளையாடுகின்றன. திருடன் வந்தாலும் ஓட வழியில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது!"

நியாயமான பேச்சுதான். இதே எண்ணத்தில் 1929-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். கார்களுக்கு எல்லாத் தெருவும் முட்டு. ஆனால் ஒன்று செய்தார்கள்: வீடுகளுக்குப் பின்பக்கம் பூங்கா வழியாக நடைபாதைகளை அமைத்து, எல்லாவற்றையும் இணைத்துவிட்டார்கள். குழந்தை கார்ச் சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம். வண்டிக்குத்தான் முட்டு, காலுக்கு வழி திறந்திருந்தது.

பின்னால் வந்த மனை வியாபாரிகள் ராட்பர்னைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். எதை? முட்டுத் தெருவை மட்டும்! நடைபாதையை விட்டுவிட்டார்கள். புடவையை வாங்கி வந்து ரவிக்கைத் துணியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்த கதைதான்.

திருடனைப் பற்றி ஒரு பெண்மணி சொன்னதைக் கேளுங்கள். ஜேன் ஜேக்கப்ஸ் என்று பெயர். நியூயார்க் நகரத்தில் வசித்தவர். நகரமைப்பு படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர்; பத்திரிகைகளில் எழுதி வந்தவர், குழந்தைகளை வளர்த்தவர், தம் தெருவை ஜன்னல் வழியாகக் கவனித்தவர். 1961-ல் அவர் எழுதிய புத்தகம் நகரமைப்பு நிபுணர்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஜனங்கள் நடமாடும் தெருவே பத்திரமான தெரு. கடைக்காரர், போகிறவர், வருகிறவர் என்று பல கண்கள் பார்த்துக்கொண்டிருப்பதே காவல் என்பது அவருடைய வாதம். தெருக்கள் குட்டையாகவும் அடிக்கடி திரும்ப வசதியாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே அமைதி வேண்டுமானால் வண்டிக்குத் தடை போடுங்கள், மனிதருக்குப் போடாதீர்கள். சுவரில் நாலடி அகலத்துக்கு ஒரு வழி விட்டால் போதும். லாரி நுழையாது, பாட்டி நுழைவாள்.

தஞ்சாவூரில் ஒரு வைத்தியர்

"எங்கள் நகர் ஏற்கெனவே சீப்பாகிவிட்டதே, இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது.

1914-ல் சென்னைக் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை இங்கே வரவழைத்தார். அவர் இந்த மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து யோசனைகள் எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூரும் செஞ்சியைப் போலக் கோட்டை ஊர். அங்கே கோட்டைக்குள் நெருக்கமான பகுதியில் வீடுகளை இடித்து நேர்த் தெருக்கள் போட ஒரு திட்டம் இருந்தது. கெட்டிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். இடிந்து கிடக்கும் இந்த மூலையை எடுத்துவிடுங்கள், அந்தக் காலி இடத்தைத் திறந்துவிடுங்கள், இந்தச் சந்தை அந்தச் சந்தோடு சேர்த்துவிடுங்கள் என்றார். பெரிய திட்டத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். குடியிருப்பவர்கள் வீடிழந்து தெருவில் நிற்கவும் வேண்டாம். உறுப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றும் வைத்தியம் இது. நம் முட்டுச்சந்துகளுக்கும் இது பொருந்தும். இன்னும் வீடு கட்டாத ஒரு மனை, ஒரு வாய்க்கால் கரை, பழைய வண்டிப்பாட்டை ஒன்று கிடைத்தால் இரண்டு நகர்கள் ஒன்றாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

மனை வாங்கும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்! வாஸ்து பார்க்கிறோம், தெருக்குத்து இருக்கிறதா என்று பார்க்கிறோம், கிணற்றில் தண்ணீர் உப்பா இனிப்பா என்று பார்க்கிறோம். தெரு எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. இனிமேல் அதையும் பாருங்கள்.

முதலாவதாக, தெருவின் கடைசி வரை நடந்து போங்கள். வியாபாரி காரிலேயே காட்டிவிட்டுத் திருப்பப் பார்ப்பார், இறங்கிவிடுங்கள். தெரு எதில் முடிகிறது? சுவரிலா, வயலிலா, இன்னொரு தெருவிலா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

இரண்டாவதாக, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெரு எல்லை வரை நீண்டு, நாளை பக்கத்து நிலத்துத் தெருவோடு சேர இடம் விட்டிருக்கிறார்களா? அல்லது கடைசியில் ஒரு மனையைக் குறுக்கே போட்டு வாயை அடைத்துவிட்டார்களா? கிராமப் புலப்படத்தையும் பாருங்கள். பழைய வண்டிப்பாட்டை, வாய்க்கால் எல்லாம் அதில் தெரியும்.

மூன்றாவதாக, தெருக்களை ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். எழுதிக் கொடுத்தால் அது பொதுத் தெரு. யாரும் குறுக்கே சுவர் வைக்க முடியாது.

அங்கீகாரம் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடை போட்டது. எத்தனை குடும்பங்கள் கலங்கிப் போயின! 2017-ல் அரசாங்கம் விதிகள் வகுத்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைப் பிரிவுகளைப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி செய்தது. நல்லதுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பத்திரத்தை வரன்முறை செய்யலாம். முட்டுச்சந்தைக் கட்டணம் கட்டித் திறந்துவிட முடியாது.

கடைசியாக, கூட்டத்துக்குப் போங்கள். புது நகர்கள் பெரும்பாலும் ஊரின் எல்லை தாண்டிக் கிராம ஊராட்சிகளில்தான் முளைக்கின்றன. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உள்ளாட்சி இடங்களில் சரி பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் ஆகிவிட்டது. உங்கள் வார்டு உறுப்பினரும் ஒரு பெண்ணாகவே இருக்கலாம். "இந்தச் சுவரில் நாலடி வழி விடுங்கள், அடுத்த நகருக்கு அனுமதி தரும்போது எங்கள் தெருவோடு சேர்க்கச் சொல்லுங்கள்" என்று எழுந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் கூச்சமாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்து அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். உறைமோர் கொடுத்தவள் இதற்கு வரமாட்டாளா?

செஞ்சி போன்ற ஊர்களுக்கு இது நல்ல வேளை. ஊர் இன்னும் சிறிது. நகருக்கும் நகருக்கும் நடுவே இன்னும் வயல் இருக்கிறது. இன்று ஒரு தெருவை இன்னொரு தெருவோடு சேர்க்க ஒரு துண்டு நிலமும் ஒரு கையெழுத்தும் போதும். பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் நாலு வீடு நிற்கும். அப்போது இடிக்க வேண்டும், நஷ்டஈடு வேண்டும், வழக்கு வேண்டும். சேர்க்கிற காரியத்தை இப்போதே செய்துவிட்டால், அந்தத் தாய் வருஷம் 960 கிலோமீட்டர் வீணாக நடக்க வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் குழந்தையை அழைத்துக்கொண்டு ராஜகிரி மேலே ஏறிவிட்டு வரலாம். அங்கே மூச்சு வாங்கச் சுற்றி ஏறினால் அதில் ஒரு சந்தோஷமாவது உண்டு!